உஷார்! கான்டெசாவுக்கு அகல டயர் மாட்டப் போறீங்களா?

தம்பிகளா, கொஞ்சம் நில்லுங்க. டயர் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

1984-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த வண்டி கான்டெசா. 2002-லேயே உற்பத்தி நின்றுபோனது. நீளமான பானெட், பின்சக்கர இழுவை, பிறகு வந்த இசுசூ 1.8 லிட்டர் எஞ்சின். நம்ம ஊர் மசில் கார் என்று இன்றைய பிள்ளைகள் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஆசைதான், தப்பில்லை. ஆனால் வாங்கிய கையோடு அலாய் வீலும் அகல டயரும் மாட்டுகிறார்களே, அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

திருவண்ணாமலையில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். 185 மி.மீ. அகல டயர் இருந்த இடத்தில் 225 போட்டான். கிரிவலப் பாதையில் ஓட்டிப் பார்த்தான். சத்தமே இல்லை. அந்த தைரியத்தில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூர் மலைக்குப் போய்விட்டான்.

வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போதெல்லாம் முன் டயரின் உள்பக்கம் பிரேக் ஹோஸில் உரசியிருக்கிறது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ரப்பர் குழாய் அது! பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இறங்கும்போது பிரேக்கை மிதித்தான். உரசித் தேய்ந்த குழாய் பிய்ந்து, பெடல் அப்படியே தரைக்குப் போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்மேட்டில் மோதித்தான் நிறுத்தினான். பக்கத்து சீட்டில் இருந்தவனுக்குக் கை முறிந்தது. இந்தப் பக்கம் மேடு, அந்தப் பக்கம் பள்ளம். உயிர் தப்பியது அவ்வளவு நூலிழையில்!

கணக்கைப் பாருங்கள். 185-லிருந்து 225 என்றால் 40 மி.மீ. கூடுதல். அதில் 20 மி.மீ. உள்பக்கம் வருகிறது. ரிம்மின் ஆஃப்செட் தவறினால் இன்னும் உள்ளே வரும். உடனே கடையில் ஒரு ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளிவிடுவார்கள். அது அதைவிட ஆபத்து! நட் பிடிப்பதற்கு ஸ்டட்டில் மரை போதாமல் போகும். வீல் பேரிங்குக்கும் சுமை ஏறும். வெளியே தள்ளிய டயர், ஆள் ஏறியதும் மட்கார்டு விளிம்பில் உரசும். அந்தத் தகடு டயரின் பக்கச்சுவரைக் கத்தியாக அறுக்கும்.

இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் வண்டியை எடுக்காதீர்கள்: டயரின் உள் ஓரத்தில் பளபளவென்று தேய்ந்த கோடு. பள்ளத்தில் இறங்கும்போது 'சர்ர்'. ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுப்பது, நடுங்குவது. முறுக்கிய நட் மறுபடி மறுபடி தளர்வது. வீலுக்கு உள்பக்கம் ஈரக்கசிவு. கசிவைப் பார்த்தால் ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள்.

இன்னொன்று, மழை. அகல டயர் தேங்கிய தண்ணீர்மேல் சீக்கிரம் மிதந்துவிடும். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையே மக்கள் வெள்ளமாக இருக்கும். அது மழைக்காலமும்தான். அங்கே வண்டி வழுக்கினால் யார் மேல் போகும்?

சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கிளப்பும் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா? இன்றைக்கே நாலு பேரை உள்ளே உட்கார வையுங்கள். ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி என்று ஒடித்து நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையவில்லையா? பழைய டயரையே திரும்ப மாட்டிவிடுங்கள். அதுவரை மலைப்பக்கம் போகவே வேண்டாம், கண்ணுங்களா.