வண்டியை மந்திரித்தால் மட்டும் போதுமா?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



நவம்பர், இறந்தோருக்காக நாம் சிறப்பாக மன்றாடும் மாதம். இம்மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, சாலை விபத்துகளில் இறந்தோரை உலகெங்கும் நினைவுகூரும் நாளும்கூட. கல்லறைத் திருநாளன்று தீர்த்தம் தெளித்துக்கொண்டே நடக்கும்போது, சிலுவைகளில் எழுதியிருக்கும் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் என் மனம் தானாகக் கழித்துப் பார்க்கும். 19, 22, 24 என்று வரும் இடங்களில் கால் நின்றுவிடும். அந்த வயதில் நான் அடக்கம் செய்தவர்களில் பலர் சாலையில் உயிர் விட்டவர்கள். அந்த அடக்கங்களில் யாராவது ஒரு பெரியவர் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் சித்தம், நாம என்ன செய்ய முடியும்?" என்பார். ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார். ஆனாலும் அந்த வார்த்தை என்னை உறுத்துகிறது. நாம் செய்ததையும் செய்யத் தவறியதையும் ஆண்டவர் தலையில் ஏற்றிவிடலாமா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழகத்துக்கு: 64,105. இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் 100-க்கு 71 பேரின் சாவுக்குக் காரணம் அதிவேகம் என்கிறது அதே கணக்கு. தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள்கூட அல்லர், பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். மனைவி, தாய், பிள்ளை என்று நாம் ஏற்றிச் செல்பவர்கள்தாம்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறார். குறுக்கே ஒரு குழந்தை வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். அதன் பிறகு வண்டி நிற்க இன்னும் அவ்வளவு தூரமாவது வேண்டும். பெரிய கோவில் ஒன்றின் வாசலில் குழந்தையைப் பார்த்தவர் பீடத்தருகே போய்த்தான் நிற்கிறார்! கைப்பேசியை 2 நொடி எட்டிப் பார்த்தால், 33 மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. நல்ல தலைக்கவசத்தை வாரைக் கட்டி ஒழுங்காக அணிந்தால் சாவின் ஆபத்து 42 விழுக்காடு குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெட்ரோல் டேங்கின்மேல் வைத்திருந்தால் டேங்குக்குத்தான் பாதுகாப்பு.

சாலை என்றதும் நல்ல சமாரியர் நினைவுக்கு வருவார். அவரைப் பற்றி நிறையவே பேசியாயிற்று. இன்று நான் உங்களை இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரத்துக்கு அழைக்கிறேன். புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லாமல் யாரேனும் விழுந்து இறந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்கிறது அந்தச் சட்டம். யாரும் யாரையும் தள்ளவில்லை, சுவர்தான் இல்லை. அதுவே பழி ஆகிறது.

விடுதலைப் பயணம் 21-ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. மாடு முட்டி ஒருவர் இறந்தால் மாட்டின் சொந்தக்காரர் குற்றவாளி அல்லர். ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவர் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், குற்றம் அவர்மேலும் வரும். பத்தாம் வகுப்புப் பையன் கையில் சாவியைக் கொடுத்து, "டியூஷனுக்கு நேரமாச்சு, சீக்கிரம் போ" என்று அனுப்பும் பெற்றோரே, இந்தப் பகுதியை வீட்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் இதையே சொல்கிறது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஓட்டி நடக்கும் குற்றத்துக்குப் பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

"சாமி, இதெல்லாம் பாவமா?" என்று கேட்பீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290-ஆம் எண்ணில் நேராகவே பதில் சொல்கிறது: குடிபோதையாலோ வேகத்தின் மோகத்தாலோ தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து உண்டாக்குவது கனமான குற்றம். மோதிய பிறகுதான் குற்றம் என்று அங்கே சொல்லவில்லை, ஆபத்து உண்டாக்கியதே குற்றம். 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டியில் ஓட்டுநர்களுக்கென்று பத்துக் கட்டளைகள் உள்ளன. அவற்றில் முதலாவது, நாம் ஐந்தாவதாக மனப்பாடம் செய்த அதே கட்டளை: கொலை செய்யாதே. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது இந்தக் கட்டளையை, "நான் யாரையும் கொல்லவில்லையே" என்று தாண்டிப் போகிறவர்கள், அசன விருந்திலிருந்து எந்த நிலையில் வண்டியை எடுத்தோம் என்பதையும் யோசித்துப் பார்க்கட்டும். வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்து, பகலெல்லாம் ஓட்டிய டிரைவரையே இரவிலும் ஓட்டச் சொல்லிவிட்டு, நாம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே தூங்கிப்போவதும் இதில் சேரும். தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதித்துப் பார் என்று ஆலயத்தின் உச்சியில் நம் ஆண்டவரிடம் சொன்னவன் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

சமீபத்தில் ஒரு தம்பி புது பைக்கை மந்திரிக்கக் கொண்டுவந்தார். மாலை, சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்கூட (அதைப் பற்றி இன்னொரு ஞாயிறு பேசிக்கொள்வோம்). "ஹெல்மெட் எங்கே?" என்றேன். கவர்கூடப் பிரிக்காமல் வீட்டில் இருக்கிறதாம். "வண்டி இங்கேயே நிக்கட்டும், நடந்து போய் எடுத்துட்டு வாங்க, தம்பி. நான் காத்திருக்கிறேன்" என்றேன். முகம் சுருங்கத்தான் செய்தது. அரைமணி நேரத்தில் வியர்க்க வியர்க்க வந்தார். தலையில் மாட்டி, வாரையும் கட்டச் சொல்லி, இரண்டின்மேலும் தீர்த்தம் தெளித்து அனுப்பிவைத்தேன்.