பயிர் செய்யாத நிலத்துக்குப் பணம்!

பயிர் வைத்தால் பணம் வரும். வைக்காமல் விட்டாலும் வருமா? வரும்! அமெரிக்காவில் சர்க்காரே அந்தப் பணத்தைக் கொடுக்கிறது.

இது என்ன கூத்து என்று கேட்கலாம். சிமரான் கவுண்டியின் கதையைக் கேட்டால் காரணம் விளங்கும்.

ஒக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது சிமரான். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் தாலுகா மாதிரி. பரப்போ பெரிது, ஜனங்களோ குறைவு. 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 2,300 பேர்தான்!

புல் போனது, மண்ணும் போனது

அந்தச் சமவெளி முழுவதும் முன்பு புல்தான். ஆழமாக ஓடிய வேர்கள் மண்ணை இறுகப் பிடித்திருந்தன. முதல் உலக யுத்தத்தின்போது கோதுமை விலை ஏறியது. ஆசை யாரை விட்டது? புல்வெளியை எல்லாம் உழுது கோதுமை விதைத்தார்கள். 1930-களில் விலை விழுந்தது. மழையும் பொய்த்தது. உழுது போட்ட மண்ணைப் பிடித்து நிறுத்த வேர் இல்லை. காற்று வாரிக்கொண்டு போயிற்று.

1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. மலைபோல் எழுந்து வந்த புழுதியால் பட்டப்பகல் இருண்டது. 'கறுப்பு ஞாயிறு' என்று அந்த நாளுக்குப் பெயர். அந்த வசந்த காலத்தில் தலைநகர் வாஷிங்டனுக்கே புழுதி வந்து சேர்ந்தது. மண்ணைக் காக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக மன்றாடி வந்த ஹ்யூ பென்னட்டின் பேச்சு அப்போதுதான் எடுபட்டது. அதே மாதம் 27-ந் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

வாடகை தரும் சர்க்கார்

இப்போது நடக்கும் திட்டம் 1985-ல் பிறந்தது. எளிதில் அரித்துப் போகும் நிலத்தை விவசாயி 10 முதல் 15 ஆண்டுகளுக்குச் சாகுபடியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அதில் புல்லோ மரமோ வளர்க்க வேண்டும். அதற்காகும் செலவில் பாதி வரை சர்க்கார் தரும். அதோடு ஆண்டுதோறும் வாடகையும் உண்டு. அந்தக் கவுண்டியின் குத்தகை நிலவரத்தை ஒட்டி அது நிர்ணயமாகிறது. ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் உச்ச வரம்பு. நடுவில் ஒப்பந்தத்தை முறித்தால், வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்!

கடைத்தெருவின் கவலை

நிலம் பிழைத்தது, ஊர்? உழவு நின்றால் விதைக் கடைக்கும் உரக் கடைக்கும் வியாபாரம் ஏது? டிராக்டர் பழுது பார்ப்பவருக்கு வேலை ஏது? சொந்தக்காரர் பட்டணத்தில் உட்கார்ந்து வாடகை வாங்கலாம். குத்தகைக்கு உழ வந்த இளைஞனுக்கு நிலம் கிடைக்காது.

இதை நினைத்துத்தான் சட்டத்தில் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார்கள். ஒரு கவுண்டியின் சாகுபடி நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பொதுவாக இப்படி ஒதுக்கக் கூடாது.

விலை ஏறினால்?

2007-ல் இந்தத் திட்டத்தில் சுமார் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் இருந்தது. பிறகு தானிய விலை உயர்ந்தது. ஒப்பந்தம் முடிந்த பலர் மீண்டும் ஏரைப் பூட்டினார்கள். சர்க்காரும் உச்ச வரம்பைக் குறைத்தது. பத்தே ஆண்டுகளில் 1 கோடியே 30 லட்சம் ஏக்கருக்கு மேல் திட்டத்தை விட்டு வெளியேறிவிட்டது!

பயிர் செய்யாதவனுக்குப் பணமா என்று வரி கட்டுபவர் கேட்பது நியாயந்தான். ஆனால், அந்தப் பணம் சோம்பலுக்குக் கூலி அல்ல. மண்ணுக்குக் காவல் கூலி. பத்து ஆண்டு வளர்ந்த புல்லை ஒரே நாளில் உழுதுவிடலாம். பறந்து போன மண்ணைத் திரும்பக் கொண்டுவர எந்தச் சர்க்காராலும் முடியாது.