பின்னேரம் ஐந்து பக்கம்

"வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்திருக்கிறோம், இந்த நிலையில் புத்தகமா?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு நிலவியபோது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சிறிது எண்ணெய் விட்டு எரித்த விளக்கிலும் நம்மவர்கள் படித்தார்கள்.

வெளிச்சத்தைவிடப் பெரிய தடை, நாளுக்கு ஓர் ஒழுங்கு இல்லாமையே. ஊரில் இறைப்பு முறையும் மாடு கறக்கும் வேளையும் பொழுதைப் பிரித்துத் தந்தன. இடம்பெயர்ந்த இடத்தில் நிவாரண வரிசையிலேயே பொழுது போய்விடுகிறது. "நேரம் கிடைத்தால் வாசிப்போம்" என்றிருந்தால் நேரம் கிடைக்கப்போவதில்லை. தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு வாசிப்பைச் சேர்த்துவிட வேண்டும். பின்னேரம் தேநீர் குடித்ததும், வெளிச்சம் இருக்கும்போதே ஐந்து பக்கம் வாசிப்போம். ஆண்டுக்கு 1,825 பக்கம். 200 பக்கப் புத்தகங்கள் ஒன்பது முடிந்துவிடும்!

எழுத்தறியாதவர்களும் கண் மங்கியவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. கோயில்களில் புராணபடனத்தின்போது ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன் சொல்ல, ஊரே கேட்டிருந்தது. வாசிகசாலையில் பத்திரிகையும் உரத்து வாசிக்கப்பட்டதுண்டு. பிள்ளை வாசிக்கட்டும், அப்பம்மா கேட்கட்டும். பிழை விட்டால் உடனே அதட்ட வேண்டாம். மறுநாள் பிள்ளை புத்தகத்தைத் தொடாது.

ஒரே புத்தகம்தான் இருக்கிறதென்றால், பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்ததுபோல நான்கு குடும்பங்கள் முறை வைத்துக்கொள்ளலாம். கூரை ஒழுகினால் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.