கிணற்றைப் பார்த்து விதை வாங்குங்கள்

பொங்கல் கழிந்ததும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி விதைக் கடைகளில் பாக்கெட்டுகள் தோரணம் கட்டித் தொங்க ஆரம்பித்துவிடும். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். பீன்ஸ், கேரட், முள்ளங்கி, குடைமிளகாய். ஊட்டியில் விளைவது பாலாற்றங்கரையிலும் விளைந்துவிடும் என்ற நம்பிக்கையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தோல் தொழில் வேரூன்றிய இந்தப் பகுதியில், பாக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக் கிணற்றைப் பார்க்க வேண்டும். எந்தக் காய் வரும், எது வராது என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அதுதான்.

முதலில் பட்டம். ஆடிக்குப் பழமொழி இருப்பதால் அதற்கு மவுசு அதிகம். மாசிப் பட்டத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு உண்மையில் இதுவும் நல்ல பட்டம்தான். கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, காராமணி, பாகல், பீர்க்கன், புடலை, சுரை எல்லாவற்றையும் தை கடைசியிலிருந்து மாசி முடிவதற்குள் போட்டுவிடலாம். வேலூரில் இளவேனில் என்பது பேருக்குத்தான். பங்குனி பாதியிலேயே வெயில் ஏறிவிடும். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் பிறக்கும்போது 40 டிகிரி தாண்டினால் இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

இதில் முதலில் அடிபடுவது தக்காளி. பகலில் 35 டிகிரிக்கு மேலும் இரவில் 24 டிகிரிக்கு மேலும் போனால் பூ பூக்கும், பிஞ்சு பிடிக்காது, காம்போடு கொட்டிவிடும். அதனால் தக்காளி வேண்டும் என்றால் மார்கழியிலேயே நாற்று விட்டிருக்க வேண்டும். விடவில்லையா, நாற்றங்காலில் இருபத்தைந்து நாள் நாற்றாக வாங்கி, தை மாதத்துக்குள் நட்டுவிடுங்கள். பங்குனியில் பறித்துவிடலாம். மாசிக் கடைசியில் தக்காளி நடுவது செடிக்கும் தண்டனை, நமக்கும் தண்டனை. வெண்டையும் கொத்தவரையும் கொடிக்காய்களும் வெயிலைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவதில்லை.

இனி தண்ணீர். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. அதை ஊறவைத்துக் கழுவும் முதல் கட்டத்திலேயே அவ்வளவு உப்பும் தண்ணீரில் இறங்கிவிடும். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கை உலகமெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் படிக்கிறார்கள். தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

டேனரிக் கழிவில் கெட்ட பெயர் வாங்கியது, தோல் பதனிடப் பயன்படும் குரோமியம். தோட்டத்தில் தினமும் கைவரிசை காட்டுவது உப்பு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்ணுயிர்களை வைத்து அழுக்கைக் குறைக்கலாம். கரைந்த உப்பு அதில் போகாது. அதைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் இயந்திரமும் பின்னால்தான் வந்தன. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் இறங்கியது அங்கேயேதான் இருக்கிறது. இழப்பீட்டைக் கணக்கிட அமைத்த ஆணையம் 2001-இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 26 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் அதிகமாக நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாக்கி இழப்பீட்டைக் கொடுக்கவும் பாலாற்றைச் சீரமைக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. ஆறு சீராகட்டும், இந்த மாசிக்கு நம் கொல்லையில் என்ன போடுவது?

உங்கள் கிணற்றுத் தண்ணீர் சப்பையா, அதாவது உவர்ப்பா, எவ்வளவு சப்பை என்று தெரிந்துகொள்ள வேண்டும். துணி துவைக்கும்போது சோப்பு நுரைக்கவில்லை, மண்பானைக்கு வெளியே வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்றால் சந்தேகப்படலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று இருந்தால் எண்ணே தெரிந்துவிடும். பேனா அளவுக் கருவி, சில நூறு ரூபாய், தெருவுக்கு ஒன்று இருந்தால்கூடப் போதும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. இந்த 2,000 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம், இப்பகுதியில் அது அபூர்வமான எண் அல்ல. அதை 640-ஆல் வகுத்தால் தண்ணீரின் மின்கடத்துத்திறன் (டெசிசீமன்ஸ்/மீட்டர் அலகில்) சுமார் 3.1. தொடர்ந்து பாய்ச்சும்போது வேர்ப்பகுதி மண்ணில் அது ஒன்றரை மடங்காகும். அதாவது 4.7.

ஒவ்வொரு காயும் எந்த எண் வரை தாங்கும், தாண்டினால் எவ்வளவு விளைச்சல் இழக்கும் என்று அமெரிக்காவின் ரிவர்சைடில் இருக்கும் உப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். பின்னால் சேர்த்தும் திருத்தியும் உலக உணவு வேளாண் அமைப்பு இன்றுவரை அதையே பயன்படுத்துகிறது. நம் 4.7-ஐ அதில் வைத்துப் பார்த்தேன். பீன்ஸ் 1.0-லேயே சோர்ந்துவிடும், 4.7-இல் எழுபது சதவீதம் காலி. வெங்காயம் பாதிக்கு மேல் போய்விடும். முள்ளங்கியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். கத்தரியும் தக்காளியும் ஏறக்குறையச் சமம், கால் பங்கு இழப்பு. பீட்ரூட்டுக்கு 4.0 வரை வலிக்காது, இங்கே ஆறு சதவீதம்தான் குறையும். காராமணியின் எல்லை 4.9, ஆகவே இழப்பே இல்லை. கொத்தவரையின் எல்லை 8.8.

ஆக, கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத கொத்தவரைதான் சப்பைத் தண்ணீர்க் கிணற்றின் ராஜா. கசக்கும் என்று குழந்தைகள் ஒதுக்குகிறார்களாம். பிஞ்சாகப் பறித்தால் கசப்பு குறைவு, பருப்பு உசிலி செய்தால் கேட்கவே வேண்டாம். இன்னொரு வசதி, கொத்தவரையும் காராமணியும் காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்த்து மண்ணுக்கே கொடுத்துவிடும். ஆனால் இளம் பருவத்தில் எந்தச் செடியும் கொஞ்சம் பலவீனம்தான். முதல் பத்து நாளைக்கு மட்டும் குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் கொடுங்கள். அதன்பிறகு கிணற்றுத் தண்ணீருக்குப் பழகிவிடும். கொத்தவரை, எல்லை வரை அசையாது. எல்லையைத் தாண்டினால் சரசரவென்று இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீட்டர் உப்பின் அளவைத்தான் சொல்லும்; குரோமியம் இருக்கிறதா என்று சொல்லாது. அதற்குத் தனியாகக் கேட்டுப் பரிசோதனை செய்ய வேண்டும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு வேரோடு நின்றுவிடும். காய்க்கு ஏறுவது சொற்பம். பொதுவாக உலோகங்கள் கீரையிலும் கிழங்கிலும் அதிகம் சேரும், காயில் குறைவாகச் சேரும். கீரை இலை தூசியையும் வாங்கிக்கொள்ளும். அதனால் டேனரி வாய்க்கால் ஓரத்து நிலத்தில் கீரை வேண்டாம். சிறுகீரை, அரைக்கீரை, பாலக் எல்லாவற்றையும் பையிலோ தொட்டியிலோ நல்ல மண்ணில் வளர்த்துக்கொள்ளலாம், அதற்கு ஆகும் தண்ணீரும் கொஞ்சம்தான். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலைக்கு அருகில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு கொட்டிக் கிடந்த இடத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு என் கருத்து வேறு: கிணற்றுத் தண்ணீரைச் செடிக்கே விடாதீர்கள். அங்கே இருப்பது கொடிய வகைக் குரோமியம். சுத்திகரிப்பு நிலையக் கசடு உரமாக நன்றாக வேலை செய்யும் என்று யாராவது மூட்டை கொண்டுவந்தால், எந்த ஊராக இருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

கத்தரிக்கு வருவோம். ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் இல்லாமல் இலை நிறையாது. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியின் முள்ளுக் கத்தரிக்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது.  காம்பில், தண்டில், இலை நரம்பில்கூட முள். பறிக்கிற கை கீறும். இதனாலேயே வீட்டுத் தோட்டத்தில் ஒதுக்குகிறவர்கள் உண்டு, எனக்கு அவர்கள்மேல் அனுதாபம் இல்லை. விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட விஆர்எம் 1 ரகமும் உண்டு. கால் பங்கு குறைந்தாலும் சொந்த ஊர்க் கத்தரியைப் போடத்தான் வேண்டும் என்பது என் கட்சி. நான்கு செடி போதும், ஒரு குடும்பம் தின்று பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

அந்த நான்கு செடியை எங்கே நடுவது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. பார் போட்டு வாய்க்காலில் தண்ணீர் விடும்போது உப்பு, ஈரத்தோடு நகர்ந்து பாரின் உச்சியில் போய்ச் சேரும். காய்ந்ததும் அங்கே வெள்ளைப் பொருக்குத் தெரியும். நாம் பழக்க தோஷத்தில் சரியாக அந்த உச்சியில்தான் நாற்றை ஊன்றுகிறோம். பாரின் பக்கவாட்டில், பாதிச் சரிவில் ஊன்றுங்கள். வேருக்கு ஈரம் கிடைக்கும், உப்பு மேலே விலகிப்போகும். நாற்று முப்பது, முப்பத்தைந்து நாள் வயதில் இருக்கட்டும். குழித்தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி வளர்த்ததாக இருக்கட்டும். சாயங்காலம், இரண்டடி இடைவெளியில் நட்டு உடனே தண்ணீர். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். பிறகு மண்ணை ரொம்பக் காயவிடாதீர்கள். தண்ணீர் வற்ற வற்ற, மிஞ்சுகிற ஈரத்தில் உப்பு செறிவாகும். சப்பைத் தண்ணீரை இலைமேல் தெளித்தால் ஓரம் கருகும், வேரடியில் மட்டும் விடுங்கள். வைக்கோலோ கரும்புச் சோகையோ வேரைச் சுற்றிப் பரப்பினால் பங்குனி வெயிலில் பாதித் தண்ணீர்க் கவலை தீரும்.

இரண்டு பொருள்களைப் பற்றி எச்சரிக்கை. வீட்டில் இருக்கும் ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று குழாய் போட்டுச் செடிக்குத் திருப்புகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைவிட அது மோசம். கழிவறைக்கோ வாசல் கழுவவோ வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் செடிக்குப் போகட்டும். மற்றொன்று தென்னைநார்க் கழிவு. கழுவாத கட்டியில் உப்பு உண்டு. ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவைத்த பிறகுதான் பையில் நிரப்ப வேண்டும்.

கத்தரிக்குத் தண்டு, காய்த் துளைப்பான் வராமல் இருக்காது. நுனிக்குருத்து தொங்கிப்போயிருந்தால் உள்ளே புழு இருக்கிறது. வாரம் ஒருமுறை அந்த நுனியைக் கிள்ளி எரித்துவிடுங்கள், ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள். இந்தப் புழுவுக்காகவே கொண்டுவந்த, மரபணு மாற்றிய பி.டி. கத்தரியைத்தான் 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. நான்கு செடிக்குக் கிள்ளுவதே போதும்.

மாசி போய்விட்டது, இன்னும் எதுவும் நடவில்லை என்றால் பதறிப்போய்ச் சித்திரையில் கத்தரி ஊன்ற வேண்டாம். அரைக் கிலோ மண்ணை, ஆங்கில வி வடிவத்தில் அரையடி ஆழத்துக்குத் தோண்டி நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் துறை மண் பரிசோதனைக் கூடத்துக்கோ கொடுங்கள். சோடியம் அதிகம் என்று வந்தால் ஜிப்சம் எவ்வளவு போட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். ஜிப்சம் போட்டபின் உப்பைக் கீழே இறக்கத் தண்ணீர் தேங்கி வடிய வேண்டும். வடிகால் இல்லாத கொல்லையில் ஜிப்சம் கொட்டுவது வீண் செலவு. கோடை மழை ஒன்று பெய்ததும் தக்கைப்பூண்டு விதையைத் தூவுங்கள். உவர் மண்ணிலும் வரும் செடி அது. நாற்பத்தைந்து நாளில், பூப்பதற்கு முன், மடக்கி மண்ணோடு கொத்திவிட்டால் ஆடிக்கு மக்கியிருக்கும். முள்ளுக் கத்தரி நாற்றை ஆனியிலேயே விட்டுவைக்கலாம்.