தடித்த எழுத்து சாயும்போது

கணினித் திரையில் ஆங்கில ‘ஓ’வை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்குங்கள். நன்றாகத் தடிக்கவைத்து, வலப்பக்கம் 15 டிகிரி சாய்த்துப் பாருங்கள். சீரான வளையம் கோணிக்கொள்ளும். வலது மேல்பக்கமும் இடது கீழ்ப்பக்கமும் சதை போடும், எதிர்ப்பக்கங்கள் இளைத்துப்போகும். பெரிய ‘ஏ’யைச் சாய்த்தால் இடக்கால் நீண்டு மெலியும், வலக்கால் நிமிர்ந்து பருக்கும். மெல்லிய எழுத்தில் இந்தக் கோணல் கண்ணில் படாது. தடித்த எழுத்தில் மறைக்கவே முடியாது.

அதனால்தான் நல்ல எழுத்துருக் கலைஞர்கள் தடித்த சாய்வெழுத்தைப் புதிதாகவே வரைகிறார்கள். சாய்வெழுத்து பிறந்ததும் தனிப்பிறவியாகத்தான். வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501இல் வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கப் பதிப்பாகச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அதை வெட்டித் தந்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அறிஞர்களின் ஓட்டமான கையெழுத்துதான் மாதிரி. இறகுப்பேனா ஓடிய தடம் இன்றும் தெரியும்: சின்ன ‘ஏ’ ஒரே வயிற்றோடு நிற்கும், ‘எஃப்’ பல எழுத்துருக்களில் கோட்டுக்குக் கீழே வால் இறக்கும்.

அது தடித்துப் பருக்க முந்நூறு ஆண்டுகள் ஆயின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுவர்களில் லாட்டரி விளம்பரங்கள் மொய்த்தன. தெருவில் போகிறவரை நிறுத்த வேண்டும். பருத்த கோடுகள் ஊதின, மெல்லியவை மயிரிழையாகவே நின்றன. ‘ஃபேட் ஃபேஸ்’ என்ற அந்த வகையில், முனையில் உருண்டைத் துளி தொங்கும் சாய்வெழுத்தைப் போல் அழகானது வேறில்லை என்பேன். ஆனால் அச்சுக்கோப்பவருக்குப் பெரும்பாடு. ஈய எழுத்து நிற்பது நேர்க்கட்டையில். சாய்ந்த தலை கட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ‘கெர்ன்’ எனப்படும் அந்த நீட்டல்தான் முதலில் ஒடியும்.

சிகாகோவின் எழுத்துருக் கலைஞர் ஆஸ்வால்ட் கூப்பர் எதிர்வழியில் போனார். 1922இல் வந்த அவருடைய ‘கூப்பர் பிளாக்’ எழுத்துருவில் மயிரிழையே கிடையாது. கோட்டு நுனியில் துருத்தும் ‘செரிஃப்’ முனைகளெல்லாம் மழுங்கிய உருண்டை. மட்டமான தாளில் மை கசிந்தாலும் உருவம் கலையாது. பின்னாலேயே வந்த அதன் சாய்வு வடிவம், விளம்பரக்காரர்களுக்குத் துள்ளலும் தந்தது. மளிகைப் பெட்டி, கடைப்பலகை, தலைப்பு என இரண்டு மூன்று சொல்லுக்கு இத்தகைய எழுத்து உயிர் கொடுக்கும். பத்தி முழுக்க வைத்தால் மூச்சுமுட்டும். காரணம், உள்ளே இருக்கும் வெள்ளை. கோடு தடிக்கத் தடிக்க எழுத்தின் வயிறு சுருங்குகிறது. 8 பாயிண்டில் சின்ன ‘இ’யின் கண் மையில் அடைந்துவிடும்.

தமிழில் இந்த வெள்ளை இன்னும் அருமையானது. நம் ‘ண’வுக்கும் ‘ஞ’வுக்கும் எத்தனை சுழி! பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வெழுத்து இல்லை, மென்பொருள்தான் தள்ளிச் சாய்க்கிறது. சாய்த்த ஒரு தடித்த ‘ண’வை உருப்பெருக்கியில் பாருங்கள். சுழிகள் ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் நைந்து நிற்கும். அந்தச் சுழிகளை ஒவ்வொன்றாக, கையால், மறுபடி வரைய வேண்டும்.