சீனியும் செண்பகமும்

ஆதம்பாக்கம் கருணீகர் தெருவுக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். கல்லாவில் இருக்கும் அண்ணாச்சிக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். அவருக்கு அது சீனி. வாங்க வரும் எங்களுக்குச் சர்க்கரை. "சர்க்கரை ஒரு கிலோ" என்று கேட்டால் உள்ளே திரும்பி, "தம்பி, சாருக்குச் சீனி ஒண்ணு கட்டு" என்று குரல் கொடுப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, சீனின்னா சீனாவுலேருந்து வந்ததுன்னுதானே அர்த்தம்?"

"பேரு அப்படித்தானே சார் இருக்கு. ஆனா கரும்பு நம்ம ஊர்ல வெளையுது. எப்படி அங்கேருந்து வரும்?"

இதே கேள்விக்காக முதுமையின் நல்ல காலத்தைச் செலவிட்ட ஒருவர் பெய்ஜிங்கில் இருந்தார். பெயர் ஜி சியான்லின் (1911–2009). ஜெர்மனியின் கோட்டிங்கனில் சமஸ்கிருதமும் பாலியும் படித்தவர். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் பேராசிரியரான அவரை வாசல் காவலுக்கு உட்கார வைத்தார்கள். அங்கே இருந்துகொண்டே வால்மீகி ராமாயணத்தைச் சீனத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1980 முதல் 1984 வரை அது முழுவதும் அச்சாகி வந்தது. இந்திய அரசு 2008இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கியது. இவ்வளவு பெரிய ராமாயண அறிஞர், எண்பது வயதைத் தாண்டிய பிறகு பல்கலைக்கழக நூலகத்துக்கு நாள்தோறும் நடந்து போய், பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி எழுதி முடித்தது என்ன தெரியுமா? சர்க்கரையின் வரலாறு. அதுவும் இரண்டு தொகுதிகள்.

அவரை இந்தப் பக்கம் இழுத்தது ஒரு கிழிந்த காகிதம். சீனத்தின் வடமேற்கே துன்ஹுவாங் குகைகளில் சுவர் வைத்து அடைக்கப்பட்டிருந்த சுவடிகளை 1908இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெல்லியோ பாரிசுக்குக் கொண்டுபோனார். அவற்றில் பௌத்த நூல் ஒன்றின் பின்பக்கத்தில் யாரோ சில வரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தியாவில் மூன்று வகைக் கரும்பு உண்டு. எட்டடி உயரம் வளர்வது சர்க்கரைக்கு அவ்வளவு உகந்ததல்ல. அதைவிடச் சற்றுக் குட்டையானதுதான் உயர்ந்த "ஷா-கெ-லிங்" செய்ய ஏற்றது என்கிறது அந்தக் குறிப்பு. ஷா-கெ-லிங் என்றால் என்ன? சீன அகராதி எதிலும் அதற்குப் பொருள் இல்லை. ஜி சியான்லினும் முதலில் திணறினார். பிறகு ஒரு கணத்தில் பிடிபட்டது: சர்க்கரா! ஆதம்பாக்கத்தில் நாங்கள் பையை நீட்டிக் கேட்கும் அதே சொல், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய காகிதத்தில் சீன எழுத்தில் இருக்கிறது.

அங்கிருந்து நூல் பிடித்துப் போனார். கி.பி. 647இல் தாங் பேரரசர் தாய்சோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பிய செய்தி தாங் வரலாற்றில் இருக்கிறது. ஆக, தொழில் இங்கிருந்து அங்கே போனது. பல நூற்றாண்டு கழித்து, மிங் ஆட்சியில், மஞ்சள் களிமண் நீரைக் கொண்டு பழுப்புச் சர்க்கரையை வெளுக்கும் முறையைச் சீனர்கள் கண்டார்கள். 1637இல் வந்த அவர்களுடைய தொழில்நுட்ப நூல் ஒன்று அதை விவரிக்கிறது. அந்த வெள்ளைச் சர்க்கரை கப்பலேறி இந்தியாவுக்கு வந்ததால்தான் இங்கே சீனி என்ற பெயர் நிலைத்தது என்பது அவருடைய முடிவு. சர்க்கரையாகப் போனது சீனியாகத் திரும்பிவந்தது. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, தராசில் இருந்த கையை எடுக்காமல் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

ஒரு மொழியியல் அறிஞர் கரும்பு வகைகளை எண்ணுகிறார், களிமண்ணின் வேதியியலைப் படிக்கிறார், துறைமுகக் கணக்குகளைப் பார்க்கிறார். பொருள் எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கமெல்லாம் போனார். சீனம் பற்றிய நல்ல ஆராய்ச்சிகளில் எனக்குப் பிடித்த குணம் இதுதான். இன்று சீனம் என்றாலே எல்லை, இறக்குமதி, கைப்பேசி என்று பேச்சு நின்றுவிடுகிறது. அவையும் தெரிய வேண்டியவைதாம். சென்னை சீன ஆய்வு மையம் 2008 முதல் அவற்றை அக்கறையோடு கவனித்துவருகிறது, சென்னை ஐ.ஐ.டி.யிலும் சீன ஆய்வுக்கென ஒரு மையம் இருக்கிறது. ஆனால் இந்த நகரத்தில் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே வேறுவிதமான சீன ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அதை நம்மில் பலர் மறந்துவிட்டது எனக்கு வருத்தம்.

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, கஸ்தூரிபா நகரில் இறங்கி, ஆட்டோ பிடித்தால் அடையாறு பிரம்மஞான சபை. உள்ளே பெரிய ஆலமரத்தைப் பார்க்கக் கூட்டம் வரும். 1886இல் கர்னல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. 1942இல் அந்த நூலகம் ஒரு சிறிய புத்தகத்தை வெளியிட்டது. ஜப்பானியக் குண்டு விழும் என்று பயந்து சென்னையே காலியான ஆண்டு அது. அரசு அலுவலகங்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. அந்த ஆண்டில் அடையாற்றில் அச்சானது, திக்நாகரின் 'ஆலம்பன பரீட்சை', தர்மபாலரின் உரையோடு. பதிப்பித்தவர் என். ஐயாசாமி சாஸ்திரி.

பௌத்தத் தர்க்க அறிஞரான திக்நாகரைக் காஞ்சிப் பக்கத்தவர் என்கிறது மரபு. தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பதை, காஞ்சிக்கே வந்துபோன சீனத் துறவி யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். அமைச்சர் வீட்டுப் பிள்ளை. அரசகுமாரியோடு திருமணம் நிச்சயமான நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேறித் துறவியானவர். பின்னாளில் நாளந்தாவின் தலைவர். யுவான் சுவாங்குக்கு நாளந்தாவில் பாடம் சொன்ன சீலபத்திரர் இவருடைய மாணவர்தான்.

எட்டே பாடல்கள் கொண்டது திக்நாகரின் நூல். நாம் ஒன்றைப் பார்க்கிறோம் என்றால் எதைப் பார்க்கிறோம்? அணுக்களையா? அணுக்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றின் கூட்டத்தையா? கூட்டம் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது; கண் பழுதானவனுக்கு இரண்டு நிலா தெரிகிற மாதிரிதான் அதுவும். அப்படியானால் அறிவுக்குள்ளே எழும் உருவத்தையே அறிவு அறிகிறது என்று முடிகிறது வாதம். இதற்குத் தர்மபாலர் எழுதிய உரையின் சமஸ்கிருத மூலம் இந்தியாவில் தொலைந்துவிட்டது. நாளந்தாவில் படித்துத் திரும்பிய சீனத் துறவி இத்சிங் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த சீன மொழிபெயர்ப்பு மட்டுமே மிஞ்சியது. திபெத்தியமும் சீனமும் அறிந்த ஐயாசாமி சாஸ்திரி, அந்தச் சீனத்திலிருந்து உரையை மறுபடியும் சமஸ்கிருதத்தில் எழுப்பினார். காஞ்சிப் பிள்ளை ஒருவரின் சிந்தனை நாளந்தா போய், சீனம் போய், அங்கே ஆயிரத்து இருநூறு ஆண்டு காத்திருந்து, காஞ்சிக்கு அருகிலேயே உள்ள அடையாற்றில் வந்து இறங்கியிருக்கிறது.

ஐயாசாமி சாஸ்திரி இதோடு நிற்கவில்லை. பரமார்த்தர் ஆறாம் நூற்றாண்டில் சீனத்துக்குக் கொண்டுபோன சாங்கிய உரையைச் சமஸ்கிருதமாக்கி 1944இல் திருப்பதியில் வெளியிட்டார். பிறகு தாகூரின் சாந்திநிகேதனில் உள்ள சீன பவனத்திலும் பணியாற்றினார். மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் சொல்லும் அளவை வாதம் திக்நாகர் வழி வந்தது என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். மணிமேகலைக்கு உரை தேடும் எவரும் சீனத் திரிபிடகத்தின் வாசலுக்கு என்றாவது ஒருநாள் போய்த்தான் தீர வேண்டும்.

வரலாற்றுப் பக்கம் நீலகண்ட சாஸ்திரி இருந்தார். தென்னிந்தியா பற்றி மெகஸ்தனிஸ் முதல் மா ஹுவான் வரை அயலார் எழுதியவற்றைத் தொகுத்து 1939இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே அவர் தந்த நூலில் சீனர்களுக்குப் பெரிய இடம் உண்டு. சீனக் குறிப்புகளில் ஒன்று என்னை விடவே இல்லை. கி.பி. 720இல் தென்னிந்திய அரசர் ஒருவர் தாங் அரசவைக்குப் பேசும் ஐந்நிறக் கிளியை அனுப்பியிருக்கிறார். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராஜசிம்ம பல்லவர்தான் அவர் என்று வரலாற்றாளர்கள் கொள்கிறார்கள். சாயங்காலத்தில் எங்கள் தெரு மின்கம்பியில் வரிசையாக உட்காரும் கிளிகள் எல்லாம் பச்சை. தமிழ்நாட்டுக் காடுகளிலும் ஐந்து நிறம் காட்டும் கிளி இல்லை. அப்படிப்பட்டவை கிழக்குத் தீவுகளில், இன்றைய இந்தோனேசியாவின் கோடியில் இருக்கின்றன. அப்படியானால் அந்தக் கிளி முதலில் மாமல்லபுரத்துக்கோ வேறு துறைக்கோ கடல்வழி வந்து, மறுபடி சீனம் போயிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். கல்வெட்டு படிப்பவரும் பறவை பார்ப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இதற்கு நல்ல விடை கிடைக்கும்.

கல்லும் ஓடும் சொல்லும் கதை வேறு. சீனத் துறைமுகமான சுவான்சோவில் 1956இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281ஐச் சேர்ந்தது; செகசை கான் என்று அது குறிக்கும் குப்லாய் கானின் நலனுக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளுவித்ததைச் சொல்கிறது. அதைப் பற்றி டி.என். சுப்பிரமணியம் எழுதிய கட்டுரை, இரா. நாகசாமி பதிப்பித்த தொகுப்பில் 1978இல் சென்னையில் வந்தது. கரைக்கு இந்தப் பக்கம், ராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில், ஜப்பானியத் தமிழறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் மண்ணில் குனிந்து பொறுக்கியவை 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள். அரசர்கள் பெயரைச் சொல்லாத வணிகர்களின் போக்குவரத்தை அந்த ஓடுகள் சொல்கின்றன.

கரும்புக்குத் திரும்புகிறேன். அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று புறநானூறு பெருமையோடு நினைவுகூர்கிறது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். நாட்டுக் கரும்பு, சீனக் கரும்பு, தீவுக் கரும்பு, ஆற்றங்கரை நாணல் என்று அந்தக் குடும்பம் முழுவதையும் அங்கே ஆராய்ந்தார்கள். 1934இல் அங்கே பணிக்குச் சேர்ந்தவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, மெரினா கடற்கரையைப் பார்த்திருக்கும் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கியவர். குரோமோசோம்களை எண்ணி, ஒரு செடியின் முன்னோர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லும் கலை அவருடையது.

போர்க்காலத்தில் இங்கிலாந்து போன அவர், விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். மக்னோலியா என்றால் ஏதோ வெளிநாட்டு மரம் என்று நினைக்க வேண்டாம். மயிலாப்பூர் மாட வீதியில் பூக்காரம்மா கூடையில் இருக்கும் செண்பகம் அந்தக் குடும்பம்தான். நம் கோயில்களில் செண்பகம் நிற்கிற மாதிரி, சீனத்துப் பௌத்த விகாரைகளில் வெள்ளை மக்னோலியாவைத் தாங் காலத்திலிருந்து வளர்க்கிறார்கள். அந்த மரங்களின் இனவரலாற்றை எழுதிய ஜானகி அம்மாள், பிறகு இமயமலையின் தாவரங்களைப் பற்றியும் ஒரு பெரிய கருத்தை முன்வைத்தார். வடமேற்கு இமயத்தைவிட வடகிழக்கில் புதிய செடியினங்கள் அதிகம் தோன்றியிருக்கின்றன. அங்கே குளிரோடு ஈரமும் சேர்ந்திருப்பது ஒரு காரணம். சீனத்துச் செடிகளும் மலாய்ப் பகுதிச் செடிகளும் நம் செடிகளோடு அங்கே சந்தித்து இயற்கையாகக் கலந்தது மற்றொரு காரணம். வரைபடத்தில் நாம் கோடு போட்டுப் பிரிக்கும் இடத்தில் மகரந்தம் தன் வழியில் போய்வந்துகொண்டிருக்கிறது.

கடைசிக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் மதுரவாயல் களக்கூடத்தில் மூலிகைச் செடிகளோடு வாழ்ந்து, 1984இல் மறைந்தார். விஸ்லியில் அவர் வளர்த்த மக்னோலியா வகை ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். சின்ன வெள்ளைப் பூ. ஆதம்பாக்கத்திலிருந்து மதுரவாயல் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்கூட இல்லை. இங்கே எத்தனை பள்ளிக் குழந்தைகளுக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். கேட்ட எவருக்கும் தெரியவில்லை.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. இந்த ஊரில் ஜெர்மனும் பிரெஞ்சும் ஜப்பானியமும் படிக்கிற பிள்ளைகளில் ஒருவராவது பழைய சீனம் படிக்க வேண்டும். வேலைக்காகப் படிக்கும் பேச்சுச் சீனம் வேறு. நான் சொல்வது இத்சிங் எழுதிய சீனம். கடினம்தான், பத்து வருடம் பிடிக்கும். படித்துவிட்டு, தர்மபாலரின் உரையை ஆங்கிலம் வழியாக இல்லாமல் நேரே தமிழில் தர வேண்டும். அந்தப் பிள்ளை யாராக இருந்தாலும், அகராதி வாங்கும் செலவு என்னுடையது. கருணீகர் தெரு அண்ணாச்சி கடையில் கேட்டால் என் வீட்டைக் காட்டுவார்.