முழங்கால் வலிக்கு எத்தனை ஜூல்?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒருவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தால், அவருக்கு எங்கே வலிக்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். விசைத்தறிக் கூடத்தில் தறிகளுக்கு நடுவே நாள் முழுக்க நடந்து, அறுந்த இழையை முடிந்து, தார் மாற்றுகிறவருக்கு முழங்காலும் குதிகாலும் வலிக்கும். மடியில் முறத்தை வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றும் பெண்களுக்குப் பிடரியும் தோள்பட்டையும் வலிக்கும். விடியுமுன்னே பிச்சியும் மல்லியும் பறித்துப் பூச்சந்தைக்குக் கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இவர்கள் எல்லாருக்கும் கைக்கெட்டிய வைத்தியம் மெடிக்கல் ஷாப்தான். டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக், கூடவே வயிற்றுக்கு ஒரு மாத்திரை. டாக்டர் சொல்லி நாலைந்து நாள் சாப்பிட்டால் அதில் தவறில்லை. அதையே மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் பாதிக்கப்படும். ஏற்கெனவே சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே பிசியோதெரபி மையங்களின் பலகையில் 'மருந்தில்லாமல் லேசர் மூலம் வலி நிவாரணம்' என்று பார்க்கும்போது மனசு அங்கே போவது இயல்பு. அந்தக் கருவி என்ன செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

லேசர் என்றதும் வெட்டுகிற, சுடுகிற கதிர்தான் நினைவுக்கு வருகிறது. 1960 மே 16 அன்று அமெரிக்காவில் ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மைமன் ஒரு ரூபித் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார். சாதாரண பல்பு வெளிச்சத்தில் பல நிறங்கள் கலந்திருக்கும், எல்லாத் திசையிலும் சிதறும். லேசரிலோ ஒரே நிறம், ஒரே திசை. அலைகளெல்லாம் தறியில் ஏற்றிய பாவு இழைகளைப் போல வரிசை கலையாமல் போகும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1964-ல், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அந்த ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிக்கொள்ளும். நம் சதையில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் ஒளி பட்ட இடம் கொதித்து ஆவியாகிவிடும். அறுவை சிகிச்சையில் கத்தி வேலை பார்ப்பது அது.

வலிக்கு வைக்கும் லேசருக்கு வெட்டுகிற வேலை கிடையாது. அதன் ஒளி தோலைக் காயப்படுத்தாமல் கடந்து உள்ளே போக வேண்டும். எந்த ஒளி அப்படிப் போகும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். இருட்டில் செல்போன் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, புறங்கைப் பக்கம் பாருங்கள். உள்ளே போவது வெள்ளை வெளிச்சம், வெளியே வருவது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. தோலின் கருமைக்குக் காரணமான மெலனினும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. 1,000 நானோமீட்டரை நெருங்கி அதற்கு மேலே போனால் தண்ணீர் வழிமறிக்கிறது. ஏறக்குறைய 600-லிருந்து 1,000 வரை உள்ள சிவப்பும் அதையடுத்த அகச்சிவப்பும்தான் ஓரளவு உள்ளே போகின்றன. சிகிச்சைக் கருவிகளில் 650, 808, 830, 904 என்றெல்லாம் எழுதியிருப்பது இதனால்தான். அவையும் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் பெருமளவு தேய்ந்துவிடும். விரல் மூட்டு, முழங்கை, பிடரி, முழங்காலின் ஓரங்கள் போல மேலாக இருக்கும் இடங்களை எட்டுவது சுலபம். தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில், தடித்த தசைக்கு அடியில் புதைந்திருக்கும் பந்துக்கிண்ண மூட்டை எட்டுவது கடினம்.

இந்தச் சிகிச்சை பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் சம்பவங்களில் ஒன்று. 1960-களில் அமெரிக்காவின் பால் மெக்கஃப், ரூபி லேசரைக் கொண்டு விலங்குகளின் உடலில் வளர்ந்த கட்டிகளை அழிக்க முயன்றுகொண்டிருந்தார். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் அதே சோதனையைச் செய்து பார்த்தார். எலிகளின் முதுகில் முடியை மழித்து ரூபி லேசரைப் பாய்ச்சினார். அவரிடம் இருந்த லேசருக்கு அவ்வளவு சக்தி இல்லை, கட்டி எதுவும் அழியவில்லை. ஆனால் ஒளி பட்ட எலிகளுக்கு மழித்த முடி மற்ற எலிகளைவிட வேகமாக வளர்ந்திருந்தது. 1967-ல் அதைப் பதிவு செய்தார். மெல்லிய லேசர் ஒளி திசுவை அழிக்காமல் தூண்டிவிடுகிறது என்று புரிந்துகொண்டு, ஆறாத புண்களுக்கு அதைப் பயன்படுத்திப் பார்க்கத் தொடங்கினார். தோற்ற சோதனை என்று அந்த எலிகளை ஒதுக்கிவிடாமல், மழித்த இடத்தைக் கூர்ந்து பார்த்தாரே, அந்தக் கண்ணுக்குத்தான் இந்தத் துறை கடன்பட்டிருக்கிறது.

உடம்புக்குள் போன ஒளி அங்கே என்ன செய்கிறது? உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் பகுதி மைட்டோகாண்ட்ரியா. அங்கே சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை இந்த நொதி வாங்கிக்கொள்கிறது என்று ரஷ்ய விஞ்ஞானி டீனா காரு எடுத்துச் சொன்னார். அடிபட்ட, களைத்த திசுவில் நைட்ரிக் ஆக்சைடு இந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை மந்தமாக்குகிறது. ஒளி பட்டால் அது விலகி, உயிரணு சக்தியாகச் செலவிடும் ஏடிபி மூலக்கூறின் உற்பத்தி கூடுகிறது, ரத்தக் குழாய் விரிகிறது, வீக்கத்தைக் கிளப்பும் வேதிப்பொருள்கள் குறைகின்றன என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளின் வேகம் தற்காலிகமாகக் குறைவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்த விளக்கத்தின் ஒவ்வொரு படியும் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. திசுவுக்குள் நுழைந்ததும் லேசரின் வரிசை கலைந்துவிடுவதால், அதே நிறத்து எல்.இ.டி. விளக்கே போதாதா என்ற கேள்வியும் நியாயமானது. பல ஆய்வுகளில் எல்.இ.டி.யும் பயன்படுகிறது.

சிகிச்சை நடக்கும் விதம் எளிமையானது. முழங்கை வெளிப்பக்கம் வலி என்று வைத்துக்கொள்வோம். பிசியோதெரபிஸ்ட் உங்களுக்கு ஒரு கண்ணாடி மாட்டுவார், தானும் மாட்டிக்கொள்வார். மேசை மேல் முன்கையை வைக்கச் சொல்லி, முழங்கை எலும்பின் மேட்டில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வருவார். 'ஆ' என்று நீங்கள் கையை இழுக்கும் இடம்தான் அவருக்கு வேண்டிய இடம். பேனா பருமனான கருவியின் முனையை அங்கே செங்குத்தாக, தோல் லேசாகக் குழியும்படி வைத்து அழுத்துவார். அழுத்தினால் அந்த இடத்து ரத்தம் சற்று விலகும், ஒளி இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். பொத்தானைத் தட்டினால் 'பீப்' ஒலி. அரை நிமிஷத்தில் மறுபடி 'பீப்'. முனையை ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைப்பார். சூடு தெரியாது, ஷாக் அடிக்காது. தெரியும் சிவப்புப் புள்ளி பல கருவிகளில் வழிகாட்டி விளக்கு மட்டுமே. வேலை செய்யும் அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் கண்ணாடி கட்டாயம் தேவை. கண் கூசாது, இமை மூடாது, ஆனால் விழித்திரை சுட்டுப்போகும். கண்ணாடி தராத இடத்தில் சிகிச்சை எடுக்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

அந்த அரை நிமிஷத்தில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. மாத்திரைக்கு மில்லிகிராம் இருப்பதுபோல ஒளிக்கும் அளவு உண்டு, அதை ஜூலில் சொல்வார்கள். கருவியின் சக்தி 200 மில்லிவாட் என்றால் ஒரு நொடிக்கு 0.2 ஜூல் வருகிறது. 30 நொடியில் 6 ஜூல். அதே 30 நொடிக்கு 5 மில்லிவாட் கருவியை வைத்தால் 0.15 ஜூல்தான். அது கடலில் கரைத்த பெருங்காயம். ஆன்லைனில் விற்கும் குட்டிக் கருவிகள் பலவற்றின் நிலை இதுதான். அளவு மிஞ்சினாலும் பலன் குறைந்துவிடும் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம்.

ஆய்வுகள் முரண்படுவதற்கும் பாதிக் காரணம் இந்த அளவுதான். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகக் குழு 2019-ல் முழங்கால் தேய்மானம் பற்றிய 22 ஆய்வுகளை, மொத்தம் 1,063 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. ஒளியில்லாத போலிக் கருவி வைத்தவர்களோடு ஒப்பிட்டால், 100-க்கு அளந்த வலி லேசர் வைத்தவர்களுக்குச் சராசரியாகச் சுமார் 14 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. 785 முதல் 860 நானோமீட்டர் வரையுள்ள லேசரில் கருவி முனை வைக்கும் ஒரு புள்ளிக்கு 4 முதல் 8 ஜூல், 904-ல் 1 முதல் 3 ஜூல் என்று போதிய அளவு கொடுத்த ஆய்வுகளில் பலன் கூடுதலாக இருந்தது. அளவு குறைந்த ஆய்வுகளில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. இதற்கு முந்தைய சில தொகுப்புகள் முழங்காலுக்குப் பலனில்லை என்று முடித்திருந்தன. கழுத்து வலிக்கு 2009-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு, 16 ஆய்வுகளில் 820 பேரைப் பார்த்து, நாள்பட்ட வலி உள்ளவர்களுக்குப் பலன் 22 வாரம் வரை நீடித்ததாகச் சொன்னது. இடுப்பு வலியில் சான்று மெலிவு. 2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயலத் தக்கவை என்று தந்த பட்டியலில் லேசரையும் சேர்த்தது, சான்று தரம் குறைந்தது என்றும் சொன்னது. உண்மையில் இதன் சான்று மிகவும் வலுவாக இருப்பது வேறொரு இடத்தில்: புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுப்பதில்.

ஆக, லேசர் வெறும் ஏமாற்றும் இல்லை, தேய்ந்த குருத்தெலும்பை வளர்த்துத் தரும் அற்புதமும் இல்லை. அப்படி வளர்த்துத் தருவதாக யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வரலாம். பணம் கட்டுமுன் கருவியின் அலைநீளம் என்ன, சக்தி எவ்வளவு, என் முழங்காலில் ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல் என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நோட்டில் எழுதியே காட்டுவார்.

இப்போது 500 மில்லிவாட்டைத் தாண்டிய, பத்து வாட் வரையும் அதற்கு மேலும் போகும் 'நான்காம் வகுப்பு' லேசர்களும் வந்திருக்கின்றன. இவை சூடாக்கும். ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நம்மூர்க் கருத்த தோல் இந்த ஒளியை வெளுத்த தோலைவிட மேற்பரப்பிலேயே அதிகம் வாங்கிக்கொள்ளும் என்பதால் சூடு சீக்கிரம் ஏறும். கையில் பச்சை குத்தியிருக்கும் ஆச்சிமார் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், பச்சையின் மை ஒளியைப் பிடித்துக்கொண்டு தோலைச் சுட்டுவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடம், கர்ப்பிணியின் வயிறு ஆகியவற்றின் மேல் வைப்பதில்லை.

வலி எதனால் என்று தெரியாமல் லேசர் வைப்பதும் தப்பு. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். இடுப்பு வலியோடு கால் மரத்து, சிறுநீர் கட்டுப்பாடு போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடது தோள் வலியோடு வேர்த்துக் கொட்டினால் அது தோளின் சங்கதியே இல்லை, உடனே 108-ஐ அழையுங்கள்.

லேசர் செய்வது, வலியைச் சில வாரங்களுக்குத் தணித்துத் தருவது. அந்த வாரங்களை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் பிழைப்பு இருக்கிறது. முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியைவிட உறுதியான சான்று வேறெந்த மருந்தில்லாச் சிகிச்சைக்கும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். பத்து முறை, பிறகு அடுத்த கால். வலி தணிந்திருக்கும்போது இதைப் பழகிக்கொண்டால் தொடைத் தசை முழங்காலின் பாரத்தைத் தாங்கத் தொடங்கும். முன்னேற்றத்தையும் வெறும் எண்ணால் அளக்காமல் வாழ்க்கையால் அளப்பது மேல். போன வருஷம் ஆடித் தபசுக்குக் கோயிலில் ஆடிச்சுற்று சுற்ற முடியாமல் உட்கார்ந்தவர் இந்த வருஷம் எத்தனை சுற்று போனார் என்று பார்க்கலாம்.

தறிக்கூடத்தின் வெறும் சிமெண்ட் தரையில் நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு போடுவதும், பீடி முறத்தை மடியிலிருந்து உயர்த்தி ஒரு சிறு பலகையின் மேல் வைத்துக் கழுத்து குனிவதைக் குறைப்பதும், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து தோளைப் பின்னுக்குச் சுழற்றுவதும் சிகிச்சையின் பகுதிகளே. இதையெல்லாம் சொல்லித்தர தனியார் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள், கட்டணம் கிடையாது. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம், பிசியோதெரபிஸ்ட் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டு, பெயரைக் கொடுத்து வைக்கலாம்.